வடம் பிடிக்குமுன்

பாரமான வண்டியை இழுப்பது எப்படி என்று ஸ்ரீரங்கத்து ஜனங்களுக்கு வெளியூரார் யாரும் வந்து பாடம் சொல்ல வேண்டியதில்லை. தையிலும், பங்குனியிலும், சித்திரையிலும் நம்பெருமாள் எழுந்தருளும் தேர் நகர்வதைப் பிறந்தது முதல் பார்த்து வருகிறவர்கள் அவர்கள். சித்திரைத் தேரன்று வடத்தைத் தொட ஆயிரக் கணக்கான கைகள் நீளும். ஆனால் தேரின் பக்கத்தில் சற்று நெருங்கிப் போய்ப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கூட்டமெல்லாம் வடத்தில் இருக்கிறது. வித்தையெல்லாம் சக்கரத்தில் இருக்கிறது. முட்டுக் கட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு சக்கரத்தோடு சக்கரமாக நடக்கிறாரே, அவர்தான் உண்மையில் தேரை ஓட்டுகிறவர். அவர் கட்டையைக் கொடுத்தால் தேர் நிற்கிறது. ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு மட்டும் கொடுத்தால் அந்தப் பக்கமாக முகம் திரும்புகிறது. வடம் பிடிப்பவர்கள் ஒரு நாள் பக்தர்கள். கட்டை போடுகிறவர் பழகிய கைக்காரர்.

தேர்ச் சமாசாரத்தை இங்கே எடுத்ததற்குக் காரணம் வேறொன்று. வருஷம் முழுவதும், உற்சவம் என்ற பெயர் இல்லாமலே, நம் ஊர்ச் சாலைகளில் மற்றொரு வடம் பிடித்தல் நடந்துகொண்டிருக்கிறது. கியர் கெட்டுப்போன பழைய லாரியை இன்னொரு லாரியின் பின்னால் கட்டிப் பட்டறைக்கு இழுத்துப் போகிறார்களே, அதைத்தான் சொல்லுகிறோம். அந்த ஊர்வலத்தைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு அடி வயிற்றில் ஒரு கலக்கம் உண்டாகிறது. கயிற்றைக் கட்டுவதில் எல்லோரும் கெட்டிக்காரர்களாக இருக்கிறார்கள். கயிற்றைக் கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றை ஞாபகம் வைத்துக்கொள்பவர்களோ வெகு சிலர்.

ஸ்ரீரங்கம் ஒரு தீவு என்பதை நேயர்கள் அறிவார்கள். வடக்கே கொள்ளிடம், தெற்கே காவேரி. சென்னைப் பக்கத்திலிருந்து பழைய சாலை வழியாக வருகிற பார வண்டி, நம்பர் ஒன் டோல்கேட்டைக் கடந்து, கொள்ளிடத்தைத் தாண்டி, திருவானைக்கோயில் பக்கமாக வந்து, மறுபடியும் காவேரியைத் தாண்டினால்தான் திருச்சியை அடைய முடியும். 1928-இல் ஏற்பட்ட பழைய கொள்ளிடத்து இரும்புப் பாலம் சுமார் தொண்ணூறு வருஷம் உழைத்துவிட்டு ஓய்வு பெற்றது. 2016-இல் பக்கத்திலேயே புதிய பாலம் வந்தது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் பழைய பாலத்தின் தூண்கள் சில சாய்ந்தே போயின. 1976-இல் கட்டப்பட்ட காவேரிப் பாலத்தை 2022-ஆம் வருஷக் கடைசியில் பழுது பார்ப்பதற்காக மூடினார்கள். 2023 மார்ச்சில் மறுபடியும் திறக்கிற வரையில் ஊரார் பட்ட பாடு ஊராருக்குத்தான் தெரியும். பாலம் உள்ள ஊரில் ஒரு லாரி நின்றுபோவது, அந்த லாரிக்காரருடைய சொந்தக் கஷ்டமாக மட்டும் இருப்பதில்லை. பின்னால் நூறு வண்டி ஹாரன் அடிக்கிறது. அதிலே பிரசவத்துக்குப் போகிற அம்மாளும் இருப்பாள், பரீட்சைக்குப் போகிற பையனும் இருப்பான். "கட்டி இழு, சீக்கிரம் இழு!" என்று நாலா பக்கத்திலிருந்தும் யோசனை வருகிறது. அவசரத்தில் செய்யும் காரியத்துக்கு விலை கொடுப்பது யோசனை சொன்னவர்கள் அல்ல.

தேருக்கும் லாரிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் என்ன? தேருக்குக் கியர் பெட்டி கிடையாது. அதன் சக்கரம் அச்சிலே தன் இஷ்டத்துக்குச் சுழல்கிறது. வேறு எதையும் அது சுழற்ற வேண்டியதில்லை. லாரியின் பின் சக்கரமோ அப்படித் தனியாட்கள் அல்ல. எஞ்சினிலிருந்து கிளட்ச், கிளட்சிலிருந்து கியர் பெட்டி, கியர் பெட்டியிலிருந்து வண்டியின் அடியில் நீளமாகப் போகும் புரொபெல்லர் ஷாஃப்ட், அதன் முடிவில் டிஃபரன்ஷியல், அதிலிருந்து இரு பக்கமும் ஆக்ஸில் ஷாஃப்ட், கடைசியில் சக்கரம் என்று ஒரு பெரிய குடும்பம் அது. எஞ்சின் ஓடினால் சக்கரம் சுற்றுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். சக்கரம் சுற்றினால் மற்றவையும் சுற்றும் என்பதைத்தான் மறந்துபோகிறார்கள். ஃப்ரீவீல் இல்லாத பழங்காலத்துச் சைக்கிளை இறக்கத்தில் விட்டவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். நாம் மிதிக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் பெடல் நம் முழங்காலை மிதிக்கும்!

நம்மிடம் பத்தாம் வகுப்புப் படித்த ஒருவர், பிற்காலத்தில் சொந்தமாக ஒரு பழைய லாரி வாங்கித் தாமே ஓட்டி வந்தார். குடும்பத்துக்கு அந்த லாரி ஒன்றே நிலம், அதுவே நகை, அதுவே உத்தியோகம். ஒரு நாள் பாடாலூருக்கு அருகே வண்டி ஏற மறுத்து நின்றுவிட்டது. கியர் விழுகிறது, எஞ்சின் இரைகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. கூட வந்த லாரியின் பின்னால் கட்டி, கியரை நியூட்ரலில் போட்டு, சுமார் 40 கிலோமீட்டர் திருச்சிக்கு இழுத்து வந்தார்கள். பட்டறையில் இறக்கிப் பார்த்தால் நோய் வெகு சாமானியம். கிளட்ச் பிளேட் தேய்ந்து வழவழப்பாகப் போயிருந்தது, அவ்வளவுதான். அதை மாற்றிப் போட்டு வண்டியைக் கிளப்பினார்கள். கிளப்பியதும் கியர் பெட்டியிலிருந்து கல் அரைக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. திறந்தால் உள்ளே மெயின் ஷாஃப்ட் நீலம் பாய்ந்து கிடக்கிறது, பேரிங்குகள் பொரிந்துவிட்டன.

"நல்லா இருந்த கியர் பெட்டி ஸார், நானே இழுத்துக் கொன்னுட்டேன்" என்று அவர் நம்மிடம் சொன்னபோது, குரல் கம்மிப் போயிற்று. இரண்டு மாதத்து வருமானம் அதிலே கரைந்தது. அந்த இரண்டு மாதமும் அவருடைய பெண் கல்லூரிக்குச் சம்பளம் கட்டாமல் தவணை கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது நமக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

நியூட்ரலில்தானே இருந்தது, எப்படிக் கெட்டது? இதுதான் இந்தக் கட்டுரையில் நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். கியர் பெட்டியின் அடியில் எண்ணெய் தேங்கியிருக்கிறது. அந்த எண்ணெயை மேலே வாரி இறைப்பதற்குத் தனி பம்பு பழைய வண்டிகளில் கிடையாது. அடியில் உள்ள துணை ஷாஃப்டின் பற்சக்கரங்கள்தாம் எண்ணெயில் முழுகிச் சுழன்று, மேலே இருக்கும் மெயின் ஷாஃப்டுக்கு அபிஷேகம் செய்கின்றன. அந்தத் துணை ஷாஃப்டைச் சுழற்றுவது எஞ்சின். எஞ்சினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் வண்டியை இழுத்தால், துணை ஷாஃப்ட் தூங்குகிறது; எண்ணெய் அடியிலேயே கிடக்கிறது. மெயின் ஷாஃப்டோ பின் சக்கரத்தின் பலத்தால் விடாமல் சுழன்றுகொண்டிருக்கிறது. அபிஷேகமில்லாத சுழற்சி! முதலில் சூடு, பிறகு உராய்வு, பிறகு உருகி ஒட்டுதல்.

எவ்வளவு சுழற்சி என்று கணக்குப் போட்டால் வாத்தியார் புத்தி என்று சிரிக்காமல் இருக்க வேண்டும். பெரிய லாரியின் சக்கரம் ஒரு முறை சுற்றினால் ஏறக்குறைய 3.3 மீட்டர் போகிறது. டிஃபரன்ஷியலில் விகிதம் ஆறுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஷாஃப்ட் ஆறு சுற்றுச் சுற்றிவிடும். 40 கிலோமீட்டருக்குள் மெயின் ஷாஃப்ட் 70,000 தடவைக்கு மேல் எண்ணெய் இல்லாமல் சுழன்றிருக்கிறது. எந்த இரும்புதான் பொறுக்கும்?

"அப்படியானால் கியரிலேயே போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு இழுத்தால் என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. அது இதைவிட விபரீதம். முதல் கியரில் விகிதம் ஏழுக்கு ஒன்று என்று கொண்டால், சக்கரத்தின் ஒரு சுற்றுக்குக் கிளட்ச் பிளேட் 42 சுற்றுச் சுற்ற வேண்டும். மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது ஒரு நல்ல சைக்கிள்காரர் போகிற வேகத்தில், அந்தப் பிளேட் நிமிஷத்துக்கு 5,000 சுற்றுச் சுற்றும். டீஸல் லாரியின் எஞ்சின் தன் ஆயுளில் அதில் பாதி வேகத்தைத்தான் கண்டிருக்கும். பிளேட் சிதறித் தூளாவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

ஆகவே பழைய லாரியை அதிக தூரம் இழுப்பதென்றால், பின் சக்கரத்துக்கும் கியர் பெட்டிக்கும் உள்ள உறவை முதலில் அறுத்துவிட வேண்டும். லாரியை ஒரு தேராக மாற்றிவிட வேண்டும் என்று சொன்னாலும் சரிதான். புரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிடுவது ஒரு வழி. நோய் டிஃபரன்ஷியலிலேயே இருந்தால் அது போதாது. இரு பக்கத்து ஆக்ஸில் ஷாஃப்டுகளையும் உருவிவிட வேண்டும். பெரிய லாரிகளில் வண்டியின் பாரம் ஆக்ஸில் ஷாஃப்டின் மேல் நிற்பதில்லை. வெளியே உள்ள ஹவுஸிங்கின் மேல் நிற்கிறது. ஆதலால் ஹப்பில் உள்ள போல்ட்டுகளைக் கழற்றிச் ஷாஃப்டை வெளியே இழுத்தாலும் சக்கரம் தன் இடத்திலேயே இருக்கும். திறந்த வாயில் தூசி போகாமலும் எண்ணெய் வழியாமலும் தகட்டால் மூட வேண்டும். தகடு இல்லாவிட்டால் சுத்தமான துணியை வைத்துக் கட்டினாலும் போதும்.

கிரேன் வைத்து முன் சக்கரத்தைத் தூக்கி இழுக்கிறோம், பயமில்லை என்று நினைப்பவர்கள் மறுபடியும் யோசிக்க வேண்டும். தரையில் உருளுவது பின் சக்கரம் அல்லவா? தூக்கியது முன் பக்கமாக இருந்தால் ஷாஃப்டைக் கழற்றத்தான் வேண்டும்.

இனி நோய் எங்கே என்று கண்டுபிடிக்கும் விதம். வைத்தியர் நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதில்லை. நல்ல மேஸ்திரியும் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் காதைத்தான் உபயோகிக்கிறார். திருச்சிப் பட்டறை ஒன்றில் நாற்பது வருஷம் கை கறுத்த மேஸ்திரி ஒருவர் நமக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார். "வண்டி பேசும் வாத்தியாரய்யா, டிரைவருதான் ரேடியோவை நிறுத்த மாட்டேங்கிறான்" என்பது அவர் முறையீடு.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் முட்டுக் கொடுத்து, எஞ்சினை ஓட விட்டு, நியூட்ரலில் வைத்துக் கேட்க வேண்டும். ஒரு சத்தம் கேட்கிறது. கிளட்சை மிதித்தால் மறைகிறது. அப்படியானால் கியர் பெட்டியின் முன் பக்கத்துப் பேரிங்கோ, துணை ஷாஃப்டோ சீக்கு. கிளட்சை மிதிக்கும்போதுதான் சத்தம் பிறக்கிறதென்றால், கியர் பெட்டியின் மேல் பழி இல்லை. கிளட்சை விலக்கும் பேரிங்தான் கிழமாகிவிட்டது. எந்தக் கியரிலும் எஞ்சின் இரைச்சல் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை, கருகிய நாற்றம் அடிக்கிறது என்றால் கிளட்ச் வழுக்குகிறது. ஒரே ஒரு கியர் மட்டும் ஏற்றத்தில் துள்ளி வெளியே வந்து விடுகிறதென்றால் அந்தக் கியரின் பல்லோ, அதைத் தள்ளும் கவையோ, அதைப் பிடித்து வைக்கும் சின்ன ஸ்பிரிங்கோ தேய்ந்திருக்கும். எல்லாக் கியருமே விழுவதற்குக் கரகரவென்று அழுதால், கிளட்ச் முழுவதும் விலகவில்லை என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். கியர் பெட்டியை இறக்குவது அரை நாள் வேலை. கிளட்ச் பெடலின் அளவைச் சரி செய்வது பத்து நிமிஷ வேலை. எதை முதலில் பார்ப்பது என்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

வண்டி கிளம்பும்போதும் காலை எடுக்கும்போதும் அடியில் "டொக்" என்று தட்டினால் ஷாஃப்டின் ஜாயிண்ட். போகப் போக ஊளையிட்டு, ஆக்ஸிலேட்டரை விட்டதும் ஊளையின் ராகம் மாறினால் டிஃபரன்ஷியலில் கிரவுன், பினியன். கியர் போட்டுக் கிளட்சை விட்டால் ஷாஃப்ட் சுற்றுகிறது, சக்கரம் சுற்றவில்லை என்றால், அந்தப் பக்கத்திலே ஆக்ஸில் ஷாஃப்டோ வேறு ஏதோ முறிந்திருக்கிறது. ஷாஃப்டே சுற்றவில்லை என்றால் குற்றவாளி அதற்கு முன்னால் இருக்கிறார். இதைத் தூரத்தில் நின்று, குனிந்து பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது வண்டியின் அடியில் தலையை நீட்டிப் பார்க்கிற தைரியசாலிகளுக்குத் தைரியம் என்ற பெயரைக் கொடுக்க நாம் தயாராயில்லை.

கடைசியில், கியர் பெட்டியின் அடியில் உள்ள மூடியைத் திறந்து கொஞ்சம் எண்ணெய் எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்க வேண்டும். நறநறவென்று இரும்புப் பொடி அகப்பட்டால் எஞ்சினை அதற்குமேல் ஓட்டாமலிருப்பதே நலம். நோய் கிளட்ச் என்றால் அங்கேயே சரி செய்து ஓட்டிப் போகவும் வழி உண்டு. பாடாலூரில் இந்த அரைமணி சோதனை நடந்திருந்தால், நம் சிநேகிதருடைய கியர் பெட்டி இன்னும் உயிரோடிருக்கும்.

ஷாஃப்டைக் கழற்றுவது என்று சுலபமாக எழுதிவிட்டோம். உயிர் போகிற இடம் அதுதான்.

பழைய லாரிகள் பலவற்றில் கை பிரேக் சக்கரத்தில் இல்லை; கியர் பெட்டியின் பின்னால், புரொபெல்லர் ஷாஃப்ட் தொடங்குகிற இடத்தில் ஒரு டிரம்மில் இருக்கிறது. அது ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஷாஃப்ட் சக்கரத்தைப் பிடிக்கிறது. கியரில் போட்டு நிறுத்தினாலும் அதே வழிதான். கிளீனர்ப் பையன் வண்டியின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றுகிறான். முதல் போல்ட் கழலும்போது ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது, மூன்றாவதிலும் ஒன்றும் ஆகவில்லை. கடைசிப் போல்ட் கழன்று ஷாஃப்ட் விலகியதும், கை பிரேக்கும் இல்லை, கியரும் இல்லை. அத்தனை டன் பாரமும் எதன் பிடியிலும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத சரிவு போதும், வண்டி உருண்டுவிடும். அடியில் படுத்திருப்பவன் எழுந்திருக்க அவகாசம் கிடையாது.

சரிவின் வலிமையைச் சற்றுப் பாருங்கள். 16 டன் வண்டியைச் சமமான தார்ச் சாலையில் உருட்டுவதற்கு ஏறக்குறைய 160 கிலோ பலம் போதும். பத்துப் பேர் சேர்ந்து தள்ளினால் நகரும். பாலத்தை அணுகும் ஏற்றம் இருபதுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், அந்த வண்டி 800 கிலோ பலத்தோடு கீழே போகப் பார்க்கிறது. சமதரையில் பத்துப் பேர் தள்ளி நகர்த்திய வண்டியைச் சரிவில் அதே பத்துப் பேர் பிடித்து நிறுத்த முடியாது.

ஆகையால் போல்ட்டில் கை வைக்குமுன், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக் கட்டை. சாலையோரத்து உடைந்த செங்கல் அல்ல. அது பாரம் ஏறினால் பொடியாகும். உருண்டைக் கல்லும் அல்ல. அது தானும் உருளும். கோணமாக அறுத்த கனமான மரக்கட்டை வேண்டும். தேருக்குப் போடுகிற கட்டையின் வடிவத்தை நம் முன்னோர்கள் சும்மா ஏற்படுத்தவில்லை. கட்டை போட்ட பிறகும், முன்னால் இழுக்கப் போகும் லாரியின் பாரைப் பூட்டிவிட்டு, அதன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, அதன் பிறகே கடைசிப் போல்ட்டுக்குப் போவது உத்தமம். இந்தக் காரியத்தைப் பதினாறு வயதுப் பையனிடம் விடாமல், அநுபவசாலியே செய்வது அதைவிட உத்தமம்.

பார் என்று சொன்னோம். கயிறு வேண்டாமா? பார வண்டிக்குக் கயிறு கடைசிப் பட்சம். கெட்டியான இரும்புப் பார் இரு வண்டிகளுக்கும் நடுவில் இருந்தால், முன் வண்டி நின்றால் பின் வண்டியும் நிற்கிறது, மோதுவதற்கு இடமில்லை. கயிறோ இழுக்க மட்டும் தெரிந்தது, தடுக்கத் தெரியாதது. கயிறு தொய்ந்து, பிறகு திடீரென்று விண்ணென்று இழுபடும்போது ஏற்படுகிற வெட்டுத்தான் கொக்கியைப் பிய்க்கிறது. அறுந்த கம்பிக் கயிறு சாட்டை போல் திரும்பி வரும். ஆகவே கயிற்றைத்தான் உபயோகிக்க வேண்டியிருந்தால், அதன் நடுவில் நனைத்த கோணிச் சாக்கு ஒன்றைப் போட்டுக் கட்ட வேண்டும். அறுந்தால் அந்தக் கனம் கயிற்றைத் தரையில் வீழ்த்தும். சிவப்புத் துணியும் கட்டினால் குறுக்கே புகப் பார்க்கிற சைக்கிள்காரருக்கும் கண்ணில் படும். கயிற்றின் நீளத்துக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது, தாண்டவும் கூடாது. மாட்ட வேண்டிய இடம் வண்டியின் சட்டத்தில் உள்ள கொக்கி. பம்பரில் மாட்டினால் பம்பர் மட்டும் திருச்சிக்குப் போய்ச் சேரும்.

சர்க்காரும் இதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. 1989-ஆம் வருஷத்துச் சாலை விதிகள், இழுத்துப் போகும் வேகம் மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேற்படக் கூடாது என்றும், இரு வண்டிகளுக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்றும், இழுபடும் வண்டியின் ஆசனத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும், வண்டியின் பின்னால் வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தில் 'ஆன் டோ' என்று 75 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையாமல் எழுத வேண்டும் என்றும் கூறின. 2017-இல் அவற்றின் ஸ்தானத்தில் புதிய விதிகள் வந்துவிட்டன. பழைய விதி போனாலும் அதிலிருந்த புத்தி போய்விடவில்லை. 24 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரியிடம் உள்ள சக்தி, அதே லாரியை ஏழரை அடி உயரத்திலிருந்து கீழே போட்டால் உண்டாகும் சக்திக்குச் சமம். வேகத்தை இரட்டித்து 48 ஆக்கினால் அது முப்பது அடி உயரம் ஆகிவிடும். இரண்டு மாடி உயரத்திலிருந்து ஒரு லாரி விழுவதை மனக்கண்ணால் பார்த்துவிட்டு, அவசரப்படுகிறவர்கள் அவசரப்படலாம்.

பின் வண்டியில் உட்கார்ந்திருப்பவர் சும்மா சவாரி போகிறவர் என்ற எண்ணம் மிகத் தவறு. கயிறு தொய்யாமல் மெல்லப் பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வருவது அவர் பொறுப்பு. தேரின் முட்டுக் கட்டைக்காரர் ஸ்தானத்தில் இருப்பவர் அவரே. ஆனால் அவர் கால் வைக்கும் பிரேக்கில் உயிர் இருக்கிறதா என்று முதலில் பார்த்தாக வேண்டும். காற்றினால் வேலை செய்யும் பிரேக்குக்கும், வாக்குவம் உதவியுள்ள பிரேக்குக்கும் எஞ்சின்தான் பிராணன். எஞ்சின் நின்றால் சில மிதிகளில் பலம் தீர்ந்து போகும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். பிற்காலத்து வண்டிகளில் காற்றுக் குறைந்தால் பின் சக்கரத்தை ஸ்பிரிங் தானே பிடித்துக்கொள்ளும். அதை விடுவிக்காமல் இழுத்தால் டயர் தேய்ந்து புகையும். விடுவித்துவிட்டால் அந்தச் சக்கரத்தில் பிடிப்பே கிடையாது. கியர் பெட்டியில் உடைசல் இல்லை, எஞ்சின் நன்றாயிருக்கிறது, ஷாஃப்டும் கழற்றியாயிற்று என்றால், நியூட்ரலில் எஞ்சினை ஓட விட்டே இழுக்கலாம். பிரேக்கும் ஸ்டியரிங்கும் வேலை செய்யும். அது முடியாதென்றால், பிரேக் இல்லாத பார வண்டியைக் கயிறு கட்டிப் பாலத்தின் மேல் ஏற்றுவதை ஒருவரும் நினைத்தே பார்க்கக் கூடாது. பார் வேண்டும், அல்லது கிரேன் வேண்டும். இரண்டும் கிடைக்காவிட்டால் காத்திருக்க வேண்டும். ஹாரன் அடிப்பவர்கள் அடித்துக்கொண்டிருக்கட்டும்.

இவையெல்லாம் மோட்டார்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்தவை என்று நினைக்க வேண்டாம். நாகப்பட்டினத்திலிருந்த தென்னிந்திய ரயில்வே தொழிற்சாலை 1928-இல் பொன்மலைக்கு வந்தது. நீராவி எஞ்சின்களுடைய காலத்தில், நெருப்பணைந்த எஞ்சினை நெடுந்தூரம் இழுத்துப் போக நேர்ந்தால், பிஸ்டனுக்கும் சக்கரத்துக்கும் நடுவிலுள்ள பெரிய கம்பியைக் கழற்றி வைத்துவிடுவது ரயில்வே உலகத்தின் பழைய வழக்கம். காரணம் அதேதான். எஞ்சின் உயிரோடு இல்லாதபோது ஸிலிண்டருக்கு எண்ணெய் போகாது. சக்கரம் மட்டும் பிஸ்டனை ஆட்டிக்கொண்டிருந்தால் உள்ளே தேய்ந்துவிடும். நூறு வருஷத்துக்கு முன் ரயில்காரர் அறிந்திருந்ததை, சாலையில் போகிற லாரிக்காரருக்கு யாரும் தமிழில் எடுத்துச் சொல்லவில்லை என்பதுதான் நமக்கு வருத்தம். வண்டியோடு வந்த புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது. அதுவும் முதல் சொந்தக்காரரோடு போய்விட்டது. நான்காவது கையாக வாங்கியவர் அதன் அட்டையைக்கூடப் பார்த்ததில்லை. நம் தேசத்திலேயே லாரி செய்யத் தொடங்கி இவ்வளவு காலம் ஆகிறது. 1948-இல் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் பிறந்தது; 1954-இல் ஜாம்ஷெட்பூரில் டாட்டா லாரி வந்தது. வண்டி சுதேசியாகிவிட்டது. வண்டியின் அறிவும் சுதேச பாஷையில் இருக்க வேண்டாமா? தொழிற் பள்ளிகளில் பாடம் சொல்லும் நம் சகோதர ஆசிரியர்கள் இதைக் கவனிப்பார்களாக.

இழுக்கும் வண்டிக்கென்று ஒரு தனி யந்திரம் ஏற்பட்ட கதையும் ரஸமானது. 1916-இல் அமெரிக்காவில் சட்டனூகா என்ற ஊரில் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற மோட்டார் மெக்கானிக், ஓடையில் கவிழ்ந்த ஒரு காரை வெளியே எடுக்கப் பல ஆட்களை வைத்துக்கொண்டு மணிக்கணக்காகத் திண்டாடினார். அந்த எரிச்சலில், ஒரு பழைய காடில்லாக் காரின் மேல் கம்பங்களையும் கப்பியையும் சங்கிலியையும் பொருத்தி, மற்ற வண்டிகளைத் தூக்கி இழுக்கும் வண்டி ஒன்றைச் செய்தார். இன்று உலகமெங்கும் உள்ள கிரேன் வண்டிகளுக்கு அதுவே மூதாதை. நம் பக்கத்திலும் திருச்சி பாரத மிகுமின் நிலையம் பெரிய கோயில் தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்திருக்கிறது. திருவாரூர் ஆழித் தேருக்குக்கூட அந்தப் பிரேக்தான். அப்படியிருந்தும் முட்டுக் கட்டைக்காரர் இன்னும் கூடவே நடக்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

பட்டறை வாசலுக்கு வண்டி வந்து சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே கயிற்றை அவிழ்க்க ஓடுவார்கள். கூடாது. முதலில் சக்கரத்துக்குக் கட்டை. பிறகுதான் பாரையோ கயிற்றையோ தொட வேண்டும். கழற்றிய ஷாஃப்டை வண்டியின் மேலேயே படுக்க வைத்துக் கட்ட வேண்டும். கழற்றும்போதே இரு முனையிலும் சுண்ணாம்புக் கட்டியால் அடையாளம் இட்டு, பழையபடி அதே பக்கம் பொருத்தினால் பிறகு வண்டி உதறாது. போல்ட்டுகளை எண்ணி ஒரு டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓர் அட்டையில் "ஷாஃப்ட் இல்லை, கை பிரேக் பிடிக்காது" என்று பெரிய எழுத்தில் எழுதி ஸ்டியரிங்கில் தொங்கவிட வேண்டும். மறுநாள் காலையில் விஷயம் தெரியாத ஒருவர் வந்து, கை பிரேக்கை இழுத்து வைத்திருக்கிறது என்ற நம்பிக்கையில், அந்தக் கட்டையைக் காலால் தள்ளிவிடக் கூடும்.